கோடு யார் கையில்?

கட்டட வேலையில் மண் சுமப்பது, கலவை போடுவது, கம்பி கட்டுவது எல்லாம் நம்ம சனங்கதான். பிளான் போடுகிற மேசைக்கு அந்தப் பக்கம் நம்மாளுக எத்தனை பேர்? இந்தக் கேள்வியோடுதான் இலத்தூரில் சில இளைஞர்களோடு சேர்ந்து நானும் கணிப்பொறியில் வரைபடம் போடப் பழகுகிறேன். மூன்று மென்பொருள்களிலும் ஒரே வீட்டைப் போட்டுப் பார்த்தோம்: 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லத் திட்டம் சொல்லும் 360 சதுர அடி வீடு.

முதலில் ஆட்டோகேட். 1982இல் வந்தது, சந்தையே அதன் கையில். கோடு, ஆஃப்செட், டிரிம் மூன்றும் பிடிபட்டால் ஒன்பது அங்குலச் சுவர் எழும்பிவிடும். ஆனால் 2016க்குப் பிறகு அதை ஒரேயடியாக விலைக்கு வாங்க முடியாது, வாடகைதான். மாணவருக்கு இலவசம் உண்டு, அதை வைத்துக் கூலிக்கு வரையக்கூடாது. குத்தகை நிலம் மாதிரிதான். உழலாம், சொந்தமில்லை.

அடுத்தது லிபர்கேட். இலவசம், பழைய கணிப்பொறியிலும் ஓடும். இரு பரிமாணப் படம் மட்டும். ஆட்டோகேட்டின் டிடபிள்யூஜி கோப்பாகச் சேமிக்காது, டிஎக்ஸ்எஃப்பாகத்தான் தரும். புதுசாகப் பழகுகிறவனுக்கு இதுவே எளிது.

மூன்றாவது ஃப்ரீகேட். 2002இல் தொடங்கி 2024 நவம்பரில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டது. எந்த ஒர்க்பெஞ்சைத் திறப்பது என்றே முதலில் தலை சுத்தும். ஆனால் அளவுகளைக் கட்டுப்பாடுகளாகக் கொடுத்து வரைந்துவிட்டால், ஒரு எண்ணை மாற்றினால் போதும், அதோடு சேர்ந்த கோடுகளும் நகரும். அடுப்படியை ரெண்டடி தள்ளணும் என்று ஒரு அம்மா சொன்னால் உடனே தள்ளிக் காட்டலாம்.

"கம்பெனிக்காரன் ஆட்டோகேட்தான கேக்கான், ஓசியில கெடைக்கிறதப் படிச்சு என்ன பிரயோசனம்?" என்று பயிற்சி மையத்தில் ஒருவர் கேட்டார். வேலைக்கு ஆட்டோகேட் வேணும், மறுக்கவில்லை. அதையும் படிக்கணும். ஆனால் லேயர், ஸ்கேல், அளவு குறிப்பது எல்லாத்துக்கும் பொது. லிபர்கேட்டில் கை பழகினவன் ஆட்டோகேட்டுக்குச் சீக்கிரம் மாறிவிடுவான். கட்டணம் கட்ட முடியாதவனை வாசலிலேயே நிறுத்துகிற படிப்பைத்தான் நாம் கேள்வி கேட்கிறோம்.

தோழர்களே, வரைபடம் அரசியலற்றது அல்ல. ஊரும் சேரியும் பிரிந்து கிடப்பதே ஒரு லேஅவுட்தான். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு, அதுவும் கலந்து. காகிதத்தில் கோட்டை மாற்றிப் போட்டால் பக்கத்து வீடு மாறும் என்று அது காட்டியது. அதனால் மட்டும் சாதி ஒழிந்துவிடாது. ஆனால் கோடு போடுகிற அதிகாரம் எவ்வளவு பெரிது என்பது அதில் தெரிகிறது.

ஆகவே ஒரு யோசனை. மாலைப் பள்ளி நடத்துகிற தோழர்கள் ஒரு பழைய கணிப்பொறியில் லிபர்கேட்டை ஏற்றுங்கள். டேப்பை எடுத்துக்கொண்டு நம்ம தெருவை அளங்கள். வாய்க்கால் எங்கே, தண்ணிக்குழாய் எங்கே, சுடுகாட்டுப் பாதை எத்தனை அடி அகலம், எந்த இடத்தில் குறுகுகிறது என்று வரையுங்கள். புலப்படத்தோடு ஒப்பிட்டு கிராமசபையில் வையுங்கள். வாயால் சொன்னால் "பாக்கலாம்" என்பார்கள். அளவு போட்ட படத்துக்கு அளவோடுதான் பதில் சொல்லியாகணும்.