சுண்ணாம்புக் குழாய் எனும் பிழையான உவமை

நாட்பட்ட சிறுநீரக நோயாளியின் தமனிகளில் கால்சியம் படிவதை விளக்கப் புகும் தமிழ் மருத்துவக் கட்டுரைகளும் வகுப்பறை உரைகளும் ஓர் உவமையை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருக்கின்றன: உப்புநீர் ஓடும் குழாயில் நாளடைவில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்வதைப் போல. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், கொழிஞ்சாம்பாறையிலும் எருத்தேன்பதியிலும் வேலந்தாவளத்திலும், ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெண்பொருக்கைக் கண்டே வளர்ந்தவருக்கு இவ்வுவமை நொடியில் விளங்கிவிடும். விளங்கிவிடுவதே கேடு. உவமை பிழையாயின் அதிலிருந்து பிறக்கும் பத்தியமும் பிழையாகும். நோயாளி வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை நிறுத்துகிறார், அது நல்லதே. அத்தோடு தம் கடமை முடிந்தது என்று எண்ணிக் கோலா புட்டியைத் திறக்கிறார். அவரைக் குறைசொல்ல இடமில்லை. அவருக்குச் சொல்லப்பட்ட கதையில் பாஸ்பேட் என்ற பாத்திரமே வரவில்லை.

நிகழ்வது படிவு அன்று; உருமாற்றம். 1903-இல் ஜெர்மானிய நோயியலாளர் மோன்கெபெர்க் விவரித்த, தமனியின் நடுச்சுவரில் தோன்றும் சுண்ணமேற்றம்தான் சிறுநீரக நோயின் தனி முத்திரை. அந்நடுச்சுவரில் சுருங்கி விரியும் மென்தசைச் செல்கள், பாஸ்பேட் மிகுந்த சூழலில் தம் இயல்பைத் துறந்து எலும்பாக்கச் செல்களின் வேலையை மேற்கொள்கின்றன. மனிதத் தமனிச் செல்களில் பாஸ்பேட் இம்மாற்றத்தைத் தூண்டுவது 2000-இல் ஆய்வகத்தில் காட்டப்பட்டது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, மேட்ரிக்ஸ் கிளா புரதம் நீக்கப்பட்ட எலிக்குஞ்சுகள் இரண்டு மாதங்களுக்குள் தமனிகள் எலும்புபோல் இறுகி மடிந்தமை வெளியாகியிருந்தது. ஆகவே உடல் சுண்ணமேற்றத்தை ஒவ்வொரு கணமும் தடுத்துக்கொண்டே இருக்கிறது. சிறுநீரகம் செயலிழக்கும்போது அந்தத் தடுப்பு தளர்கிறது. குழாய் உவமையில் தடுப்புக்கு இடமே இல்லை. துருப்பிடித்துக் கிடக்கும் இரும்புக்கு உயிரில்லை அல்லவா?

இதனை முதுமையின் விளைவு என்று ஒதுக்குவோரும் உளர். 2000-இல் கூட்மன் குழுவினர் டயாலிசிஸ் பெற்றுவந்த 39 இளையோரை ஆராய்ந்தனர். இருபது வயதுக்குக் கீழிருந்த 23 பேரில் ஒருவருக்கும் இதயத் தமனியில் சுண்ணமேற்றம் இல்லை. இருபதிலிருந்து முப்பது வயதுக்குட்பட்ட 16 பேரில் 14 பேருக்கு இருந்தது. இருபதுகளில் உள்ள ஒருவரின் இதயத் தமனி இறுகுவதற்குச் சில ஆண்டுகள் போதுமென்றால், "வயதானால் வருவதுதான்" என்ற ஆறுதல் யாருக்காகச் சொல்லப்படுகிறது?

ஊரார் இதனை 'ஹார்ட் அட்டாக்' என்கின்றனர். மருத்துவப் படிவங்களும் ஏறத்தாழ அதையே எழுதுகின்றன. அச்சொல் இதயத் தமனியில் ஓர் அடைப்பை எண்ணச்செய்கிறது. நடுச்சுவர்ச் சுண்ணமேற்றம் பெருந்தமனியை அடைப்பதில்லை, விறைக்கச் செய்கிறது. விறைத்த தமனியில் மேல் அழுத்தம் ஏறி, கீழ் அழுத்தம் இறங்கும். இடது இதயவறை தடிக்கும். இதயம் ஓய்வெடுக்கும் இடைவேளையில் அதற்கே கிடைக்கவேண்டிய குருதி குறையும். ஆஞ்சியோகிராமில் குறிப்பிடத்தக்க அடைப்பு எதுவும் தென்படாத நோயாளி திடீரென மடிவதன் ஒரு வழி இது. 'மாரடைப்பு' என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவைக்கப்படும் மரணத்தில், பாஸ்பேட்டும் பாராதைராய்டு இயக்குநீரும் எந்நிலையில் இருந்தன என்ற கேள்வியும் புதைக்கப்படுகிறது.

கணக்கு எளியது. நாள்தோறும் உணவில் வரும் பாஸ்பரஸ் ஏறத்தாழ 1000 மி.கி. அதில் 60 விழுக்காடு குடலில் உறிஞ்சப்பட்டால் வாரத்திற்கு 4200 மி.கி. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்று நீக்குவது சுமார் 800 மி.கி. வாரம் மூன்று முறை எனில் 2400. இந்தியாவில் ஏராளமானோர் பெறுவதுபோல் இரு முறை எனில் 1600. எஞ்சும் 2600 மி.கி. எங்கே போகும்? சிறுநீர் இன்னும் சிறிது பிரிவோருக்கு ஓரளவு வெளியேறும். ஏனையோருக்கு எலும்பிலும் தமனியிலும் தேங்கும். தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மலைப்பாதையில் இறங்கி ஏறும் தொழிலாளிக்கு மூன்றாம் பயணம் என்பது ஒரு நாள் கூலி, ஒரு வண்டி வாடகை, உடன்வரும் உறவினரின் ஒரு நாள் கூலி. அவருடைய தமனியின் எதிர்காலம் இந்த மூன்றையும் பொறுத்திருக்கிறது. எந்த உயிர்வேதியியல் ஆய்வேட்டிலும் இவை மாறிகளாக இடம்பெறுவதில்லை.

இந்நிலையில் வழங்கப்படும் பத்தியத் தாள்கள் முதலில் விலக்குவது பருப்பையும் பயறையும். தானியத்திலும் பயறிலும் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி ஃபைட்டேட்டாகப் பிணைந்திருப்பது. மனிதக் குடல் அதில் பாதியளவே உறிஞ்சும். பதப்படுத்திய உணவில் சேர்க்கப்படும் கனிம பாஸ்பேட்டோ 90 விழுக்காட்டுக்கும் மேல் உள்ளே செல்லும். ஏழை நோயாளியின் ஒரே புரதத்தைப் பறித்துவிட்டு, பொட்டலத்தின் பின்புறத்தில் நுண்ணெழுத்தில் அச்சிட்ட 338 முதல் 341 வரையிலும் 450 முதல் 452 வரையிலுமான சேர்க்கைப்பொருள் எண்களைப் பற்றி ஒரு சொல்லும் உரைக்காத தாளை எழுதியவர் யாராயினும், அவர் நோயாளியின் அடுக்களையைப் பார்த்ததில்லை. 338 என்பது பாஸ்பாரிக் அமிலம். கருநிறக் கோலாவில் இருப்பது அதுவே. சித்தூர் வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் மயிலம்மா முதலான இரவாளர் பெண்கள் 2002-இல் தொடங்கிய போராட்டம் கோலா ஆலை உறிஞ்சிய நீரைப் பற்றியது. 2004-இல் ஆலை நின்றது. புட்டிக்குள் இருந்ததைப் பற்றிய வாதம் அந்த வட்டத்தில் இனிமேல்தான் தொடங்கவேண்டும்.

மாத்திரைக்கு வருவோம். பாஸ்பேட்டைக் குடலிலேயே பிணைக்கத் தரப்படுவனவற்றில் மலிவானது கால்சியம் கார்பனேட். உணவோடு உட்கொண்டால் மட்டுமே அது உணவின் பாஸ்பேட்டைப் பற்றும். வெறும் வயிற்றில் விழுங்கினால் பிணைக்க ஒன்றும் இராது. கால்சியம் குருதியில் ஏறும். சுண்ணமேற்றத்திற்கு அது கூடுதல் எரிபொருள். ஆக, 'உணவோடு' என்ற ஒற்றைச் சொல்லில் மருந்து நஞ்சாகும் எல்லைக்கோடு இருக்கிறது. எல்லைப்புற மருத்துவமனைகளில் அச்சொல் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதப்படுகிறது. தமிழ்வழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்ற தோட்டத் தொழிலாளிக்கு அது கோடுகளும் சுழிகளும் மட்டுமே. 'கால்சியம்' என்ற சொல்லை மட்டும் அவர் கேட்டறிந்திருக்கிறார். எலும்புக்குச் சத்து மாத்திரை என்று விளங்கிக்கொண்டு, காலையில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கிவிடுகிறார்.

"அங்குள்ளோர் மலையாளம் நன்றாகப் பேசுவரே" என்பது வழக்கமான மறுப்பு. பேசுவர். பேசுவது வேறு, மருந்துச் சீட்டை வாசிப்பது வேறு என்பதை மொழியியல் துறையினருக்கு விளக்கவேண்டி வருவது வேடிக்கை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுத வழிவகுத்தது. மருந்துச் சீட்டு நோயாளி எழுதிய மனுவுக்கு வரும் விடையன்று. எனவே அது சட்டத்தின் கண்ணில் படவில்லை போலும்.

இதைவிடக் கூர்மையான கேள்வி நீரைப் பற்றியது. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மி.கி. என்ற வரம்பை மீறும் இடங்கள் உள்ளமை மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பதிவுகளிலேயே உண்டு. ஃப்ளோரைடை வெளியேற்றுவது சிறுநீரகம்; அது செயலிழந்தால் உடலில் தேங்கும். 2014-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், சிறுநீரகத்தின் பெரும்பகுதி அகற்றப்பட்ட எலிகளுக்கு அதே 1.5 மி.கி. அளவில் ஃப்ளோரைடு கலந்த நீரைக் கொடுத்தனர். சிறுநீரகச் செயல் மேலும் சரிந்தது. பெருந்தமனியில் சுண்ணமேற்றம் மிகுந்தது. நலமுள்ளோருக்குப் பாதுகாப்பான வரம்பு நோயாளிக்கும் பாதுகாப்பானதா என்ற ஐயத்தை அது எழுப்பிற்று. எலியில் கண்டது மனிதரில் நிகழும் என்று எவரும் உறுதிகூற இயலாது. ஆனால் இக்கேள்வியைக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான நிலம் எது? டயாலிசிஸ் இயந்திரத்திற்கு எதிர்ச் சவ்வூடு முறையில் தூய்மித்த நீர் கட்டாயம். இயந்திரத்திலிருந்து எழுந்து வீடு செல்பவர் குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீர். மலைமேலும் கதை முற்றிலும் வேறன்று: தேயிலைச் செடி மண்ணின் ஃப்ளோரைடை இலையில், அதிலும் முதிர்ந்த இலையில், சேர்த்துவைக்கும் இயல்புடையது. அதைப் பறிப்போர் நாள் முழுதும் குடிப்பதும் அதன் கடுஞ்சாறே.

இம்மக்கள் எந்தப் பதிவேட்டிலும் முழுமையாக இல்லை. 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. உறவும் சந்தையும் போடிக்கும் கம்பத்துக்கும், சித்தூர்ப் பக்கத்தில் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும், நீண்டன. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டிற்கு அம்மாநிலக் குடும்ப அட்டை வேண்டும். கேரள அட்டையுடன் மலையிறங்கி வருபவர் அங்கே பணம் கட்டும் நோயாளி. இன்று ஓரிடத்தில் பரிசோதனை, நாளை மற்றோரிடத்தில் டயாலிசிஸ், இடையில் காணாமற்போகும் கோப்பு. ஈராண்டுகளுக்கு முன் அவருடைய பாஸ்பேட் அளவு என்ன என்று இரு மாநிலங்களிலும் எவராலும் சொல்லமுடியாது.

மறுப்பவர் கையில் வலுவான ஒரு வாதம் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. ஏறிய சுண்ணத்தை இறக்கும் மருந்து இதுவரை நிறுவப்படவில்லை. 3883 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2012-இல் வெளியான சினகால்செட் ஆய்வு அதன் முதன்மை இலக்கில் தெளிவான பயனைக் காட்டவில்லை. கால்சியமற்ற பிணைப்பான் சுண்ணமேற்றத்தின் வேகத்தைக் குறைத்தது என்று 2002-இல் கண்டனர். 2007-இல் வெளியான பெரிய ஆய்வில் மொத்த இறப்பு விகிதம் குறையவில்லை. "பின் எதற்காகக் கண்டறிவது?" என்கின்றனர். கால்சியம் மாத்திரையின் அளவைக் கட்டுப்படுத்த. வார்ஃபரின் தேவையா என்று மறுபடி எண்ண. எவருக்கு மூன்றாம் டயாலிசிஸைப் போராடியேனும் பெற்றுத்தரவேண்டும் என்று முடிவெடுக்க. இவற்றில் எதற்கும் புது மருந்து தேவையில்லை.

விலையுயர்ந்த சி.டி. ஸ்கேனும் தேவையில்லை. கேடிகோ வழிகாட்டி 2009 முதலே பக்கவாட்டு வயிற்று எக்ஸ்ரேயையும் எக்கோவையும் ஏற்றுக்கொள்கிறது. இடுப்பு முள்ளெலும்புகள் நான்கின் முன்னே ஓடும் பெருந்தமனியில் வெண்கோடுகளை எண்ணி 0 முதல் 24 வரை மதிப்பெண் இடும் கௌப்பிலா முறை 1997-இலிருந்து புழக்கத்தில் உள்ளது. வட்ட மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் முடியும் வேலை இது. எல்லையின் இருபுறத்திலும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. எலிக்கு அடினின் ஊட்டிச் சுண்ணமேற்றும் ஆய்வேடுகளுக்கும் குறைவில்லை. அவற்றுள் ஒன்றின் செலவில், டயாலிசிஸ் படுக்கையில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் எக்ஸ்ரே எடுக்கலாம். அதன் பக்கத்தில் பாஸ்பேட், கால்சியம், பாராதைராய்டு அளவுகள், வாரத்திற்கு எத்தனை முறை டயாலிசிஸ், மாத்திரையை உணவோடு உட்கொள்கிறாரா, சீட்டை எம்மொழியில் வாசிக்கிறார், வீட்டில் குடிக்கும் நீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்பவற்றையும் பதியலாம். கடைசி மூன்று கேள்விகளையும் தமிழில்தான் கேட்கவேண்டும்.