ஜெயித்தால் பணம் வருமா?

ஆயக்குடிச் சந்தையில் கொய்யாப் பெட்டி எடுக்கும் வியாபாரி மேலடுக்கை மட்டும் பார்த்து விலை பேசமாட்டார். அடிவரை கைவிட்டுப் பார்ப்பார். செல்போனில் பந்தயம் கட்டும் இளைஞர்களிடம் அந்த நிதானம் இல்லை. ஜெயித்தால் கணக்கை எப்படி முடிப்பார்கள் என்ற விதியை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

2019 ஜூலை 14, லார்ட்ஸ் மைதானம். உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் தலா 241 ரன். சூப்பர் ஓவரிலும் தலா 15. பவுண்டரி எண்ணிக்கையில் 26க்கு 17 என முந்தி இங்கிலாந்து கோப்பையை வாங்கியது. ஆனால் பதிவேட்டில் ஆட்டம் சமன்தான். 'கோப்பை யாருக்கு' என்று கட்டிய பணமும், 'ஆட்டத்தில் வெற்றி யாருக்கு' என்று கட்டிய பணமும் வெவ்வேறு கணக்கு.

குதிரைப் பந்தயத்தில் 'டோட்' முறை இன்னொரு விதம். கட்டிய பணமெல்லாம் ஒரே தொகுப்பில் சேரும். வரியும் கழிவும் போக மிஞ்சுவதை ஜெயித்த சீட்டுகளுக்குப் பங்கிடுவார்கள். எவ்வளவு கிடைக்கும் என்பது கட்டும்போது தெரியாது. எல்லோரும் நம்பிய குதிரை ஜெயித்தால் பங்கு மெலிந்துவிடும்.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இணையப் பண விளையாட்டுகளையோ 2025இல் மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது.

தம்பிகள் முதலில் படிக்க வேண்டியது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவு. பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போடவும் முடியாது.