இரண்டு ‘ஆம்’களும் ஒரு மௌனமும்

மொழியில் ஒரு சொல் கூடுதலாக இருந்துவிட்டால் அதைப் பேசுகிறவன் மனசிலும் ஓர் அறை கூடுதலாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். இவர்களுக்கு இப்போது அகப்பட்டிருப்பது ஐஸ்லாந்து மொழி. ஆங்கிலத்தில் ‘யெஸ்’ ஒன்றுதான். ஐஸ்லாந்துக்காரர்களிடம் இரண்டு இருக்கிறது. ஆகவே சம்மதம் என்கிற விஷயத்தில் இவர்கள் தெளிந்தவர்கள், அவர்கள் குழம்பியவர்கள் என்று போகிறது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சொற்களை எண்ணிவிட்டு ஆத்மாவைக் கண்டுவிட்டதாகச் சொல்லும் இந்தக் காரியத்துக்கு விமர்சனம் என்று பெயர் வைக்க வேண்டாம், ஜோஸ்யம் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஐஸ்லாந்து மொழியில் சாதாரணக் கேள்விக்கு உடன்பாட்டு விடை ‘யௌ’. எதிர்மறையாகக் கேட்ட கேள்வியை வெட்டி உடன்பாடாகச் சொல்ல ‘யூ’. இல்லை என்பதற்கு ‘நேய்’. ‘நீ வரவில்லையா?’ என்று கேட்டால் வருகிறவன் ‘யூ’ என்பான், வராதவன் ‘நேய்’ என்பான். (வராத தமிழன் ‘ஆமாம்’ என்பான். அவன் ஆமோதிப்பது கேட்டவனின் வாக்கியத்தை.) ஆங்கிலேயன் வெறும் ‘யெஸ்’ என்று சொல்லி நிறுத்தினால் கேட்டவனுக்குச் சந்தேகம் தீராது.

சரி. ‘யூ’ தீர்த்துவைப்பது எதை? அவன் வருகிறானா, இல்லையா என்ற தகவலை. வருவதற்கு அவனுக்கு மனசு இருந்ததா, யாராவது பிடரியைப் பிடித்துத் தள்ளினார்களா என்பதைப் பற்றி அந்தச் சொல் வாயே திறப்பதில்லை. தகவலை ஆமோதிப்பது ஒரு காரியம், தன்னை ஒப்புக்கொடுப்பது வேறு காரியம். நம் சொல் எண்ணிகள் முதலாவதின் தெளிவைக் காட்டி இரண்டாவதற்குச் சான்றிதழ் வழங்குகிறார்கள். தவிர, ஐஸ்லாந்தில் மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்லும் ஒரு ‘யௌ’ உண்டு. பெரும்பாலும் நாம் உம் கொட்டுவது மாதிரிதான் அது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு சொல் வைத்திருக்கும் மொழியிலும் ஒரே சொல் இத்தனை வேலை பார்க்கிறது.

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் நான்கு விடைச்சொற்கள் இருந்தன. நேர்க்கேள்விக்கு ‘யே’யும் ‘நே’யும், எதிர்மறைக் கேள்விக்கு ‘யெஸ்’ஸும் ‘நோ’வும். 1532ல் தாமஸ் மோர், வில்லியம் டிண்டேலுக்கு எதிராக எழுதிய கண்டன நூலில் இதற்காகவே ஒரு சண்டை பிடித்தார். யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் ‘நே’ வரவேண்டிய இடத்தில் டிண்டேல் ‘நோ’ போட்டுவிட்டாராம். விதியை விளக்கப் புகுந்த மோரே ஓரிடத்தில் தடுக்கி விழுந்தார் என்பது வேறு கதை. நான் கவனிப்பது அடுத்து நடந்ததை. நான்கு விடைச்சொற்களின் நுட்பமும் தெரிந்த அந்த மனிதரிடம் 1534ல் அரசனின் வாரிசுரிமைச் சட்டத்துக்குச் சத்தியம் கேட்டார்கள். அவர் சத்தியம் செய்ய மறுத்தார், ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. அரசனே திருச்சபைக்குத் தலைவன் என்ற விஷயத்திலும் வாயை மூடிக்கொண்டார். 1535 விசாரணையில், மௌனம் சம்மதம் என்பதுதானே சட்ட வழக்கு, என் மௌனத்தை மறுப்பாக எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று வாதாடினார். அரசாங்க வக்கீல் ரிச்சர்ட் ரிச்சின் சாட்சியத்தை வைத்துக் குற்றவாளி என்றார்கள். ஜூலை 6ந் தேதி தலை போயிற்று. சொல் பஞ்சத்தால் யாரும் அங்கே சாகவில்லை. மறுப்பதற்கு இடமில்லாத சபையில் எத்தனை விடைச்சொல் இருந்தால் என்ன?

ஐஸ்லாந்துக்கு வருவோம். 1662ல் கோபவோகுரில் டேனிஷ் அரசனின் முழு அதிகாரத்தை ஒப்புக்கொண்டு நாட்டின் பெரியவர்கள் சத்தியம் செய்து கையெழுத்திட்டார்கள். ஆர்னி ஒட்ஸன் என்ற சட்டத் தலைவர் கண்ணீரோடு கையெழுத்திட்டார் என்பது அந்நாட்டுச் சொல்வழக்கு. ஏடுகளில் அதுவும் சம்மதம்தான். ‘யௌ’வும் ‘யூ’வும் கைவசம் இருந்தவர்கள்தான் அவர்களும்.

விடைச்சொற்களை விட்டுவிட்டு வினைகளைப் பார்த்தால் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது கிடைக்கிறது. அதை ஜோஸ்யக்காரர்கள் பார்க்கவில்லை. ஆங்கிலத்தின் ‘அக்ரீ’ அபிப்ராயத்துக்கும் உதவும், காரியத்துக்கும் உதவும். ‘வித்’ சேர்த்தால் உன் கருத்தே என் கருத்து. ‘டு’ சேர்த்தால் நீ சொன்னதற்கு உடன்படுகிறேன். நடுவில் இருப்பது ஓர் இடைச்சொல் மட்டும். ஐஸ்லாந்து மொழி இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. கருத்து ஒத்துப்போனால் ‘ஸம்மௌலா’, அதாவது ஒரே பேச்சு உடையவர். ஒரு யோசனையை ஏற்று இசைவு தந்தால் அந்த இசைவு ‘ஸம்திக்கி’. ‘மௌல்’ என்றால் பேச்சு, மொழி. எதிர்ப்புத் தெரிவிப்பதற்கான ‘மோட்மைலா’வும் அந்தப் பேச்சின் குடும்பத்தில் பிறந்ததுதான், எதிராகப் பேசுதல். 1851ல் டேனிஷ் அரசப் பிரதிநிதி ட்ராம்பெ தேசியச் சபையை விவாதத்தின் நடுவில் கலைத்தபோது யோன் சிகுர்த்ஸன் எழுந்து ஆட்சேபித்தார். சபையே சேர்ந்து ஆட்சேபக் குரல் எழுப்பியது. அன்று அவர்கள் வாயில் வந்தது இந்த வினைதான். எதிராகப் பேச முடிந்தவனோடு மட்டுமே ஒரே பேச்சு சாத்தியம். இதைச் சொல்லியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

ஆனால் இந்த அழகான பாகுபாடு யாரைக் காப்பாற்றியது? ஐஸ்லாந்தின் தண்டனைச் சட்டத்தில் பலாத்காரம் பற்றிய 194வது பிரிவு நெடுங்காலம் வன்முறை, மிரட்டல், வற்புறுத்தல் இவற்றையே கேட்டுக்கொண்டிருந்தது. ‘ஸம்திக்கி’ அந்தப் பிரிவின் மையத்துக்கு வந்தது 2018ல்தான். சுதந்திரமாக வெளிப்படுத்தினால்தான் அது இசைவு என்றும் அப்போதுதான் எழுதினார்கள். குழம்பிய மொழி என்று நம்மவர்கள் கைவிட்ட ஆங்கிலத்தில், சம்மதமின்மையை இங்கிலாந்துச் சட்டம் 1976லேயே விதியில் ஏற்றிவிட்டது. 2003ல் சம்மதத்துக்கு விளக்கமும் தந்தது. விளக்கத்தில் வரும் வினை, இரண்டு வேலையும் பார்க்கிற அதே ‘அக்ரீ’. ஆனால் பக்கத்தில் தெரிவு, சுதந்திரம், தெரிந்தெடுக்கும் திறன் என்று மூன்று காவலர்களை நிறுத்திவைத்தார்கள். சொல்லை நம்பாததால் வந்த தெளிவு அது.

அதற்காக ஆங்கிலேயர்களுக்கு மாலை போடவும் நான் தயாராக இல்லை. கல்யாணத்தில் ஒருமுறை ஒப்புக்கொண்ட மனைவி திரும்பப்பெற முடியாதபடி ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று மாத்யூ ஹேல் எழுதிவைத்தது அவர் இறந்து அறுபது வருஷம் கழித்து, 1736ல், அச்சாயிற்று. அந்த வாக்கியத்தை அவர்களுடைய பிரபுக்கள் சபை குப்பையில் போட்டது 1991ல். அதன் வாசனையோடு 1860ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் எழுதிய கணவன் விதிவிலக்கு, வயது வரம்பு மட்டும் மாறி, 2023ல் இயற்றிய நியாய சன்ஹிதாவுக்குள்ளும் பத்திரமாக வந்து உட்கார்ந்தது. ஒப்புதல், இசைவு, உடன்பாடு, சம்மதம் என்று நம்மிடம் குவிந்து கிடக்கும் சொற்களைப் பற்றிப் பெருமைப்படுகிறவர்கள் இதையும் சேர்த்து எண்ணட்டும்.

எழுதுகிறவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஐரோப்பியக் கதை எதுவானாலும் நமக்கு ஆங்கிலத்தின் வழியாகத்தான் பெரும்பாலும் வந்து சேர்கிறது. மூலத்தில் ‘யூ’ என்று எதிர்த்துச் சொன்னவன் ஆங்கிலத்தில் ‘யெஸ்’ என்கிறான், தமிழில் ‘ஆம்’ என்று பணிந்துபோகிறான். ‘இல்லை, வருவேன்’ என்று எழுதினால் போதும், நஷ்டம் சரியாகிவிடும். சரியாகாதது ஒன்று உண்டு. பாத்திரம் ஆம் என்று சொன்ன இடத்தில் அவளுக்கு இல்லை என்று சொல்ல வழி இருந்ததா என்று பார்க்காமல், தலையசைத்தாள், சம்மதித்தாள் என்று எழுதிக்கொண்டு போகிறோமே, அது. மொழிபெயர்ப்பில் மட்டுமில்லை, நம் சொந்தக் கதைகளிலும். கேட்டவன் யார், கதவு எந்தப் பக்கம் தாழிட்டிருந்தது என்பதை எழுதாமல் சம்மதம் என்ற சொல்லை எழுத ஒரு கதாசிரியனுக்கு உரிமை இல்லை. இதற்கு அகராதியைப் புரட்டிப் பிரயோஜனமில்லை.