மூட்டை தூக்கினால் நடந்ததாகுமா?

"நாள் முழுவதும் பனியன் கம்பெனியில் உழைக்கிறேன், எனக்கு நடைப்பயிற்சி வேறு வேண்டுமா?" இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்ணும் திருப்பூர்த் தொழிலாளர் பலர் கேட்கும் கேள்வி இது. கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும், தசைகள் இருவிதமாக உழைக்கின்றன என்பதையும், இரத்த அழுத்தம் இரண்டையும் ஒன்றுபோல் ஏற்பதில்லை என்பதையும் அறிந்தால்தான் விடை விளங்கும்.

சைக்கிளில் வேலைக்குச் செல்பவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய கால் தசைகள் சுருங்குவதும் தளர்வதுமாக மாறிமாறி இயங்குகின்றன. தளரும்போதெல்லாம் இரத்தம் தடையின்றிப் பாய்கிறது. தசையிலுள்ள சிறு குழாய்கள் விரிந்து வழிவிடுகின்றன. இதயம் மிகுதியாக இறைப்பதால் மேல் அழுத்தம் 120இலிருந்து 150, 160 என ஏறும். கீழ் அழுத்தமோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்; சற்று இறங்குவதும் உண்டு.

20 கிலோவுக்கு மேற்பட்ட துணி ரோலை மார்போடு அணைத்துப் படியேறுபவரின் கைகளை நோக்குங்கள். அத்தசைகள் இறுகியவை இறுகியபடியே நிற்கின்றன. இறுகிய தசை தன்னுள் ஓடும் குழாய்களைத் தானே நெரிக்கிறது. இரத்தம் போதாமல் கழிவுப்பொருள்கள் தேங்க, அங்குள்ள நரம்புகள் மூளையிடம் முறையிடுகின்றன. மூளை அழுத்தத்தை உயர்த்தி இரத்தத்தை உள்ளே செலுத்த முயல்கிறது. எனவே மேலும் கீழும் சேர்ந்தே ஏறுகின்றன. திருவிழாவில் சப்பரம் சுமப்போரின் நிலையும் இதுவே.

இதனை 1937இல் ஆலம், ஸ்மர்க் என்னும் இரு அறிஞர்கள் எளிய சோதனையால் காட்டினர். உழைத்த தசையின் இரத்த ஓட்டத்தை இறுக்குப் பட்டையால் அடைத்துவிட்டு, அத்தசைக்கு ஓய்வளித்தனர். உழைப்பு நின்ற பின்பும், பட்டை இறுகியிருந்த வரை அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவிழ்த்தபின்னரே இறங்கியது!

பாரத்தோடு மூச்சையும் அடக்கினால் ஆபத்து இன்னும் மிகுதி. 1985இல் கனடா நாட்டு ஆய்வொன்றில், இளம் பளுப்பயிற்சியாளர்கள் இரு கால்களாலும் பெரும் பாரத்தைத் தள்ளியபோது, அழுத்தம் சராசரியாக 320/250 வரை சென்றது. சில நொடிகளே நீடித்தது. அவர்களோ நலமுள்ள வாலிபர்கள். ஏற்கெனவே 160/100 உள்ள ஐம்பது வயதுக்காரருக்கு இந்த விளையாட்டு வேண்டாம். ரோலை இருவராகத் தூக்குக. தூக்கும்போது மூச்சை வெளியே விடுக.

ஓவர்லாக் மிஷினில் குனிந்திருக்கும் சகோதரியின் நிலை என்ன? கழுத்தும் தோளும் இறுகி வலிக்கின்றன. அழுத்தம் பெரிதாக ஏறுவதில்லைதான். ஆனால் கால்களின் பெருந்தசைகளுக்கு வேலையே இல்லை. ஒன்றரை ஷிப்ட் பார்த்துக் களைத்தாலும், அரைமணி நேரம் விரைந்து நடந்த பலன் அவருக்குக் கிட்டவில்லை. (வீடு திரும்பிய பின் அடுப்படியும் காத்திருக்க, நடக்க நேரம் ஏது என்று அவர் கேட்டால், அதற்கு வீட்டிலுள்ள ஆண்கள்தாம் விடை கூற வேண்டும்.)

வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. தசையை இறுக்கி நிறுத்தும் பயிற்சியையே அளவோடு செய்துவந்தால், ஓய்வுநேர அழுத்தம் குறைகிறது. 270 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான பிரிட்டிஷ் கட்டுரையின்படி, மேல் அழுத்தம் இதனால் சராசரியாக 8 புள்ளியும், நடை, ஓட்டம் போன்றவற்றால் ஏறக்குறைய 4½ புள்ளியும் குறைந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் அமர்ந்தாற்போல் 2 நிமிடம் நிற்பது, சற்று ஓய்வு, இவ்வாறு 4 முறை, வாரம் 3 நாள். இங்கே பாரம் இல்லை, மூச்சடக்கம் இல்லை. அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். மாத்திரையையும் தாமாக நிறுத்தலாகாது.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு தேடி வந்து அழுத்தம் பார்க்கிறார்கள். அப்போது கையை அந்தரத்தில் நீட்டிப் பிடிப்பவர் பலர். அதுவும் இறுகிய தசையே. கருவி கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் அமர்ந்திருந்து, கையை மேசையில் தளரவிட்டு, பேசாமல் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.