காமாலைக் கிருமி ஈரலுக்குள் புகுவது எப்படி?

கண் மஞ்சளானால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. கல்வராயன் மலையடிவாரமானாலும் சரி, கள்ளக்குறிச்சி வயல் வரப்பானாலும் சரி, மழை பெய்தால் இந்தச் செடி தானாக முளைக்கும். அரைத்து மோரில் கலந்து குடித்தால் காமாலை இறங்கிவிடும் என்பது பரம்பரை நம்பிக்கை. இது எவ்வளவு தூரம் சரி?

காமாலை ஒரே நோய் அல்ல; அது நோயின் அடையாளம். ஈரலைத் தாக்கும் வைரஸ் கிருமிகளில் முக்கியமானவை ஏ, பி, சி, டி, இ என்ற ஐந்து. ஏ, இ இரண்டும் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருபவை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். பச்சிலைக்கு நல்ல பெயர் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இ வகை கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பி, சி, டி கிருமிகள் இரத்தத்தின் மூலம் பரவுகின்றன. பி கிருமி பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் வரும். ஆண்டுக்கணக்கில் சத்தமின்றி இருந்து, ஈரலைச் சுருக்கி, புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம்.

திருட்டு வாசல்

ஈரல் செல்லின் மேல்புறத்தில் பித்த உப்பை இரத்தத்திலிருந்து உள்ளே எடுத்துக்கொள்ள ஒரு வாசல் உண்டு. பி கிருமி அதில் ஒட்டிக்கொண்டு உள்ளே புகுகிறது. செல்லின் உட்கருவில் குடியேறி, தன்னைப் போன்ற கிருமிகளைச் செய்யும்படி செல்லையே வேலை வாங்குகிறது. டி கிருமி, பி கிருமியின் உறையைப் போர்த்திக்கொண்டு அதே வழியில் வருகிறது.

2012-ல் பீஜிங்கில் வென்ஹுயி லி குழுவினர் இந்த வாசலைக் கண்டுபிடித்தனர். வாசல் தெரிந்ததும் அதை அடைக்கவும் வழி பிறந்தது. புலெவிர்டைட் என்ற ஊசி மருந்து, கிருமிக்கு முந்திப் போய் அங்கே உட்கார்ந்துகொள்கிறது. டி வகை நோய்க்கு 2020-ல் ஐரோப்பாவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

செடியின் பரீட்சை

சென்னையில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி புளூம்பர்க்குடன் சேர்ந்து கீழாநெல்லியைச் சோதித்தார்கள். 1988-ல் முடிவு வெளியாயிற்று. செடிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்திருந்தது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே இரத்தப் பரிசோதனை செய்யாமல் பச்சிலையை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து.

சி வகைக்கு இன்று பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை போதும். 100-ல் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். பி கிருமியை மாத்திரை அடக்கி வைக்கும். ஆனால் வேரோடு அகற்றுவது அபூர்வம். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

பி வகைக்குத் தடுப்பூசியே சிறந்த காவல். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். மலைக்கிராமத்தில் வீட்டிலேயே பிரசவம் நடந்தால் அந்த நேரம் நழுவிப்போகும். கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமாயிற்று. 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. பிரசவ நாள் நெருங்கும்போதே கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவது குடும்பத்தின் பொறுப்பு. அப்படிச் செய்தால், கிருமி வாசலைத் தேடி வருமுன்பே குழந்தைக்குக் காவல் போட்டாகிவிடும்.