கொலவெறியைத் தாலாட்டாகப் பாடியவர்கள்

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தங்கள் பெயர் அழைக்கப்படும் வரை காத்திருக்கும் பெற்றோரை மனத்தில் கொண்டு இதனை எழுதுகிறோம். தாயும் தந்தையுமாக இருவரும் சேர்ந்து எழுதுவதால் ‘நாங்கள்’ என்றே சொல்லிக்கொள்கிறோம். சொல்ல வருவது சிறிய செய்தி. உங்கள் குழந்தைக்குப் பாடுங்கள். எந்தப் பாட்டு நாவில் வருகிறதோ அதையே பாடுங்கள். தகுதியான பாட்டு ஒன்று நினைவுக்கு வரட்டும் என்று காத்திராதீர்கள். இதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், நாங்கள் பாடிய பாட்டு ‘வொய் திஸ் கொலவெறி டி’.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நாங்களும் பலமுறை சிரித்திருக்கிறோம்.

2011ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அப்பாட்டு வெளியானது. ‘3’ என்னும் திரைப்படத்துக்காக நடிகர் தனுஷ் பாடியது. இசையமைத்த அனிருத்துக்கு அப்போது வயது 21. அதுவே அவருடைய முதற்படம். காதலில் தோற்ற இளைஞன் ஒருவன் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் நாவால் உருட்டிப் பாடும் வேடிக்கைப் புலம்பல் அது. படம் திரைக்கு வர இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. ஆயினும் சில நாள்களிலேயே அந்தப் பாட்டு ஒலிக்காத தேநீர்க்கடையோ ஆட்டோவோ இல்லை என்றாயிற்று. அந்த ஆரவாரத்தின் நடுவில், டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் மகள் பிறந்தாள். இருபத்தொன்பதாவது வாரம், எடை 1,180 கிராம். கருவறையில் இன்னும் பதினொரு வாரங்கள் இருந்திருக்க வேண்டியவள்.

இரண்டாம் நாள் மருத்துவர் எங்களை அழைத்து அமரவைத்து, நுரையீரலைப் பற்றி விளக்கினார். மூச்சை வெளியே விடும்போது காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு பொருள் தேவை என்றும், குறைமாதக் குழந்தைக்கு அது போதுமான அளவில் சுரந்திருக்காது என்றும், அதனை மூச்சுக்குழாய் வழியே மருந்தாகச் செலுத்தியிருப்பதாகவும் சொன்னார். அடுத்த 48 மணி நேரம் முக்கியம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தந்தையின் சட்டைப்பையிலிருந்து அந்தப் பாட்டு எழுந்தது. செல்பேசியின் அழைப்பொலி. பையிலிருந்து அதை எடுக்கக் கை ஒத்துழைக்கவில்லை. மருத்துவர் பேச்சை நிறுத்திப் பொறுமையாகக் காத்திருந்தார், முகம் சுளிக்கவில்லை. அவர் சுளித்திருந்தால்கூடச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவே அழைப்பொலியை வெறும் மணியோசையாக மாற்றினோம். இனி அந்தப் பாட்டைக் கேட்பதே இல்லை என்று முடிவும் செய்தோம். முடிவு எங்களுடையது, செவிகள் ஊருடையவை. மருந்துக்கடையில், எதிர்த்திசைத் தேநீர்க்கடையில், காத்திருப்புக் கூடத்தில் பிற உறவினர்களின் பைகளில் என்று அது எங்களைத் தொடர்ந்தது. ஊரே துள்ளிக்கொண்டிருக்க, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் உலகம் மூச்சு விட மறந்து மறந்து விட்டுக்கொண்டிருந்தது. மறந்து என்பது மிகைச்சொல் அன்று. குறைமாதக் குழந்தைகள் சில நொடிகள் மூச்சை நிறுத்திவிடுவதுண்டு. செவிலியர் பாதத்தை மெல்லத் தட்டி நினைவூட்டுவார். அதற்கென்று கொடுக்கப்படும் மருந்து காஃபீன். நாம் காலையில் குடிக்கும் காப்பியில் உள்ள அதே பொருள். அதைக் கேட்ட அன்று வீட்டில் பெரியவர்கள் நெடுநேரம் நம்பவில்லை.

முதல் இரண்டு வாரங்கள் எங்களுக்கு இருந்த அனுமதி தொடுவதற்கு மட்டுமே. ஓர் உள்ளங்கையைத் தலையின் மீதும் மற்றொன்றைப் பாதங்களைச் சுற்றியும் வைத்து அசையாமல் இருக்க வேண்டும்; தடவக் கூடாது; பேசவும் வேண்டா என்றனர். அந்த அளவு முதிராத நரம்புகளுக்குத் தொடுகை, ஓசை, ஒளி யாவும் ஒருசேர வந்தால் சுமையாகிவிடும் என்பது விளக்கம். பிறகு முப்பத்திரண்டாவது வாரத்தை எட்டியபோது, குழந்தையைத் தாயின் மார்போடு தோலுடன் தோலாக வைத்துக்கொள்ளும் கங்காரு முறைக்கு அனுமதித்தார்கள். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978இல் தொடங்கிய முறை அது. அப்போதுதான் மூத்த செவிலியர் ஒருவர், “ஏதாவது பாடுங்கம்மா, உங்க குரல் அவளுக்குத் தெரியும்” என்றார். அது ஆறுதல் வார்த்தை மட்டும் அன்று. கருவிலிருக்கும் குழந்தையின் செவி ஏறத்தாழ இருபத்தைந்தாவது வாரத்தையொட்டிக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. எல்லா ஓசைகளினும் மிகுதியாக அதனை எட்டுவது தாயின் குரலே.

எங்களில் தாய்க்கு ஒரு தாலாட்டும் தெரியாது. பள்ளியில் மனப்பாடம் செய்த தேவாரம் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. மூன்று வாரமாக உறக்கமற்ற தலைக்குள் அழைக்காமலே சுழன்றுகொண்டிருந்த ஒரே மெட்டு நாவில் ஏறியது. மிக மெதுவாக, பாதிச் சொல்லும் பாதி முனகலுமாக. செவிலியரின் தோள்கள் குலுங்கியதைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து தந்தை பார்த்தார். சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னது: “இதே மாதிரி, இன்னும் கொஞ்சம் மெதுவா.”

வீட்டில்தான் சிக்கல் எழுந்தது. மாமியார் அழாத குறையாகக் கேட்டார்: “ஏம்மா, உசுருக்குப் போராடுற பச்சப்புள்ளகிட்டப் போயி கொலை, வெறின்னு பாடலாமா?” இந்தக் கேள்வியை எளிதாக ஒதுக்க எங்களால் இயலவில்லை. நற்சொல் நல்லதைக் கொணரும், தீச்சொல் தீமையைக் கொணரும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவர்களே நாங்களும். நோயுற்றவர் உள்ள வீட்டில் சொற்களை அளந்து பேசுவது நம் மரபு. அம்மரபில் அன்பு இருக்கிறது. ஆயினும், தாலாட்டு என்னும் சொல்லையே சற்று எண்ணிப் பார்க்கலாம். ‘தால்’ என்பது நாக்கு. நாவை ஆட்டி எழுப்பும் ஓசையே தாலாட்டு என்று விளக்குவர். பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலிலிட்டுப் பாடியதைப் போன்ற பாட்டு எல்லா வீட்டிலும் பாடப்பட்டதில்லை. நம் சிற்றூர்ப் பெண்கள் பாடிய தாலாட்டுகளில் பிறந்த வீட்டின் பெருமை உண்டு, தாய்மாமன் கொண்டுவந்த சீர் உண்டு, கொண்டுவராத சீரைப் பற்றிய குத்தலும் உண்டு, வறுமையும் உண்டு. தொட்டிலை ஆட்டும் சாக்கில் அவர்கள் தங்கள் மனக்குறையைத்தான் பாடினார்கள். குழந்தை உறங்கிற்று. அப்படியிருக்க, ஒரு காதல் தோல்விப் புலம்பல் மட்டும் எந்த வகையில் தரம் தாழ்ந்துவிட்டது? மாமியாரிடம் இப்படி விரித்துரைக்க அன்று எங்களுக்குத் தெம்பு இல்லை. “அவளுக்குச் சொல்லா புரியப்போகுது, அத்தை?” என்று மட்டுமே தாய் சொன்னார். சில நாள் கழித்து மாமியாரே அடுப்படியில் அந்த மெட்டை முணுமுணுத்ததைக் கேட்டோம். அதைப் பற்றி இன்றுவரை அவரிடம் நாங்கள் பேசியதில்லை.

பாட்டு எங்கள் மகளைக் காப்பாற்றியது என்று நாங்கள் சொல்லவில்லை. மருந்தும், மூச்சுக்கருவியும், பிழிந்தெடுத்துக் குழாய்வழி ஊட்டிய தாய்ப்பாலும், இரவில் உறங்காத செவிலியரும் காப்பாற்றினர். பாட்டு செய்தது வேறொன்று. அதுவரை நாங்கள் குழந்தையைப் பார்த்ததே இல்லை. மேலிருந்த திரையின் எண்களைத்தான் பார்த்தோம். உயிர்வளி அளவு 92, 89, 94. எண் இறங்கும்போது நாங்களும் இறங்கினோம். பாடத் தொடங்கிய பின்னர்க் கண் திரையை விட்டுக் கீழே வந்தது. இடது புருவத்தின் முடிவில் ஒரு சுழி இருப்பதைத் தாய் கண்டது அன்றுதான். பிறந்து இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

பின்னாளில் வாசித்தபோது ஒரு செய்தி எங்களுக்கு வியப்பளித்தது. 2013இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்னும் மருத்துவ இதழில் ஜோன் லோவி என்னும் இசைச் சிகிச்சையாளரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளிடம் நடந்தது. முப்பத்திரண்டு வாரம் கடந்த குழந்தைகளே அதில் சேர்க்கப்பட்டனர். பெற்றோர் தமக்குப் பிடித்த பாட்டு ஒன்றைச் சொல்வார்கள். அது எவ்வகைப் பாட்டாயினும் மெதுவான தாலாட்டு நடைக்கு மாற்றிக் குழந்தையின் அருகில் நேரடியாகப் பாடப்படும். அவ்வாறு பாடியபோது குழந்தைகள் பால் அருந்துவதில் முன்னேற்றம் காணப்பட்டதாகவும் பெற்றோரின் மன அழுத்தம் குறைந்ததாகவும் அவ்வாய்வு தெரிவிக்கிறது. அதைப் படித்தபின் எங்கள் செவிலியரின் “இன்னும் கொஞ்சம் மெதுவா” என்ற சொல்லுக்கு எங்கள் மனத்தில் மதிப்பு உயர்ந்தது.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாடுங்கள் என்றால் செல்பேசியில் பாட்டை ஒலிக்கவிடுங்கள் என்று பொருளன்று. இத்தகைய பிரிவுகளில் ஓசை 45 டெசிபலுக்கு மேற்படாமல் இருப்பது நன்று என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. நாம் இயல்பாகப் பேசும் குரலே அதனைத் தாண்டிவிடும். பெட்டியின் மேல் ஒரு பால்புட்டியைச் சற்று ஓங்கி வைத்தாலும் உள்ளே அது பெரும் ஒலியாகக் கேட்கும். ஆகவே பக்கத்துப் பெட்டியின் தாய்க்குக் கேட்காத குரலில் பாடுங்கள். எப்போது தொடங்கலாம் என்பதைச் செவிலியரிடம் கேளுங்கள். குழந்தை விரல்களை விரித்தாலோ, விக்கினாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, நிறம் மாறினாலோ நிறுத்திவிடுங்கள். அது உங்கள் குரலைப் பிடிக்காததால் அன்று. அன்றைக்கு அதுபோதும் என்று பொருள். தந்தையரும் பாடலாம். எங்களில் தந்தை நான்கு நாள் வெட்கப்பட்டு ஐந்தாம் நாள் பாடினார்.

எங்கள் பக்கத்துப் பெட்டியில் இருந்த ஆண்குழந்தை வீடு திரும்பவில்லை. அவன் தாய் நன்றாகப் பாடக்கூடியவர், முறையாகக் கற்றவர். மார்கழி மாதக் குளிரில் படிக்கட்டில் அமர்ந்து எங்களிடம் சொன்னார்: “வீட்டுக்குப் போன பிறகு பாடிக்கலாம்னு இருந்தேங்க. இங்க பாடினா அழுதுடுவேனோன்னு பயம்.” இதை உங்களை அச்சுறுத்துவதற்காக எழுதவில்லை, எழுதலாமா என்று நாங்கள் பலமுறை தயங்கினோம். அழுகை வந்தால் வரட்டும், அழுதுகொண்டே பாடலாம் என்று அவரிடம் அன்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். நாங்களாவது சொல்லியிருக்கலாம்.

மருத்துவமனை நிர்வாகத்திடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். குழந்தை அனுமதிக்கப்படும் நாளில் நிரப்பும் படிவத்தில் இரத்தவகை முதல் காப்பீட்டு எண் வரை கேட்கப்படுகிறது. அதன் அடியில் ‘உங்கள் வீட்டில் பாடும் பாட்டு எது?’ என்று ஒரு வரி சேர்க்கலாம். செலவு ஏதுமில்லை. பக்திப்பாட்டு என்று எழுதுவோர் எழுதட்டும். குத்துப்பாட்டு என்று எழுதுவோரைப் பார்த்துச் செவிலியர் ஒருமுறை சிரித்துக்கொள்ளட்டும். முதல்நாளே அப்படியொரு கேள்வி வந்தால், பாடுவதற்கு இங்கே இடமுண்டு என்பதாவது பெற்றோருக்குத் தெரியும்.

பொங்கல் கழிந்து 1,900 கிராமுடன் வீடு வந்தவள் இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற ஆண்டு பள்ளி ஆண்டுவிழாவில் பழைய பாட்டு என்று சொல்லி அதனைப் போட்டார்கள். சுற்றிலும் எல்லாரும் தாளமிட்டுச் சிரித்தனர். நாங்கள் இருவர் மட்டும் ஒருவரையொருவர் பார்க்காமல் மேடையையே நோக்கிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வரும் வழியில் காரணத்தைக் கேட்டாள், சொன்னோம். அன்றிரவு அந்தப் பாட்டை அப்போது பாடியதுபோலவே பாடிக்காட்டச் சொன்னாள். தாய் பாடினார். இரண்டாம் அடி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ரொம்ப மெதுவா இருக்கும்மா” என்று சொல்லித் தன் வேகத்தில் பாட ஆரம்பித்தாள்.