பங்களாத் தடாகமும் லயத்துப் பீலியும்



நீச்சல் தடாகம் உள்ள வீடொன்றை வைத்திருக்க எவ்வளவு செலவாகும்? கூரைத் தகரம் ஒன்றை மாற்றுவதற்கே தோட்டக் காரியாலயத்துக்குப் பத்துத் தரம் நடக்கும் நமக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று சிரிக்க வேண்டாம். மலையகத்தில் பழைய துரை பங்களாக்கள் பல உல்லாச விடுதிகளாக மாறிவிட்டன. முன்பு பூந்தோட்டம் இருந்த இடத்தில் சில பங்களாக்களில் இப்போது தடாகம் இருக்கிறது. அதன் செலவில் ஒரு பங்கை நாம் கட்டுகிறோம். கட்டுகிறவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு.

முதலில் அளவைப் பார்ப்போம். 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், சராசரி ஒன்றரை மீற்றர் ஆழம். விடுதித் தடாகத்துக்கு இது பெரிய அளவல்ல. இதன் பரப்பு 50 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 540 சதுர அடி. நமது லயக் காம்பிரா பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. நாலரைக் காம்பிராவை ஒரு தடாகம் விழுங்கிவிடும். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 7 பேர்ச் காணியில் கட்டித் தரப்பட்ட தனி வீடு 550 சதுர அடி. நமது பிள்ளைகள் எத்தனையோ வருடமாகக் காத்திருக்கும் முழு வீடும், விருந்தினர் அரை மணித்தியாலம் குளிக்கும் தொட்டியும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

இனித் தண்ணீர். அந்தத் தடாகம் நிரம்ப 75,000 லீற்றர் வேண்டும். 20 லீற்றர் கேனால் சுமந்தால் 3,750 நடை. ஐந்து பேர் உள்ள குடும்பம் ஆளுக்கு 50 லீற்றர் வீதம் பாவித்தால், அந்தத் தண்ணீர் 300 நாளுக்குப் போதும்.

"ஒரு தரம் நிரப்பினால் போதும், அதே தண்ணீரைத்தானே சுத்தம் செய்து பாவிக்கிறோம்" என்பார்கள். பாதி உண்மை. வெயிலிலும் காற்றிலும் நீர்மட்டம் நாளுக்கு 4 மில்லிமீற்றர் இறங்கினாலே 200 லீற்றர் போய்விடும். மணல் வடிகட்டியைக் கழுவ ஒவ்வொரு தரமும் நூற்றுக்கணக்கான லீற்றரை வெளியே விட வேண்டும். சுவரில் மயிரிழை வெடிப்பு விழுந்து மட்டம் ஒரு சென்ரிமீற்றர் குறைந்தால் 500 லீற்றர். இதையெல்லாம் ஈடுகட்ட அதிகத் தண்ணீர் தேவைப்படுவது மழை மாதங்களில் அல்ல, தை, மாசி, பங்குனியில். நமது பீலி நூலாக ஒழுகுவதும் அதே மாதங்களில்தான்.

மின்சாரத்துக்கு வருவோம். ஒரு குதிரைவலு பம்பு நாளுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் 6 அலகு, மாதம் 180 அலகு. நுவரெலியாக் குளிரில் தண்ணீரைச் சூடாக்கவும் வேண்டும். 75,000 லீற்றரை மின்சுருளால் ஒரே ஒரு பாகை சூடேற்ற 87 அலகு போகும். பத்துப் பாகை என்றால் 870. இதற்கு மேல் குளோரின், ஓடு திருத்தம், காவலாள், துப்புரவாள்.

கம்பனி இந்தச் செலவுகளை எல்லாம் சதம் பிசகாமல் எழுதி வைத்திருக்கும். எழுதாதது மூன்று.

ஒன்று, ஊற்று. பங்களா எப்போதும் மேட்டில், லயம் பணியவில். ஒரே ஊற்றிலிருந்து இரண்டுக்கும் குழாய் போனால், மேலே எடுத்தது போக மிச்சம்தான் கீழே வரும். கொழுந்து ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர் போடத் தெரிந்த நிர்வாகங்கள், பங்களாக் குழாயில் நாளுக்கு எத்தனை லீற்றர் போகிறது என்று அளந்து காட்டியதுண்டா? நாலு மணிக்குக் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண், பீலிக்கரையில் வரிசையில் நிற்கும் ஒரு மணித்தியாலத்துக்கு எந்தச் செக்ரோலில் பேர் விழுகிறது? தடாகத்தின் செலவுக் கணக்கில் முதலாவதாக வர வேண்டியது அந்த ஒரு மணித்தியாலம்.

இரண்டு, மண். நிரம்பிய அந்தத் தடாகத்தின் தண்ணீர் மட்டும் 75 தொன் எடை. சரிவின் உச்சியில் அதை ஏற்றி வைத்தால், பாரத்தோடு கசிவும் சேர்ந்து மண்ணைப் பலவீனமாக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்ததை நாம் மறக்கவில்லை. அங்கே தடாகம் காரணமல்ல. ஆனால் சரிவின் கீழே படுத்துறங்குகிறவர்கள் யார் என்பதை அந்த நாள் நாட்டுக்கே காட்டியது. மேலே குழி வெட்டும் முன் கீழே உள்ளவர்களைக் கேட்பது தயவல்ல, கடமை.

மூன்று, ஓடை. வடிகட்டி கழுவிய குளோரின் தண்ணீரைக் கானில் விட்டால் அது ஓயாவுக்குத்தான் போகும். அதே ஓயாவில் நாம் துணி துவைக்கிறோம், மாடு தண்ணீர் குடிக்கிறது, மரக்கறித் துண்டுக்கு இறைக்கிறோம்.

இந்த வீட்டின் சொந்தக்காரர் யார் என்றும் கேட்போம். 1972, 1975 நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது, பிறகு நீண்டகாலக் குத்தகை வந்தது. ஆகவே அந்தப் பங்களா நின்ற மண் பொதுமக்களின் மண். குத்தகைக்காரர் அதில் தடாகம் வெட்ட வழி இருக்கிறது. அதே மண்ணில் ஐந்து தலைமுறை புதைந்து கிடக்கும் குடும்பத்துக்கு 7 பேர்ச்சுக்கு உறுதி எழுதத்தான் வழி இல்லையாம்.

சம்பளம் கேட்டால் தேயிலை நட்டம் என்பார்கள். 2015இல் எழுந்த 1,000 ரூபாக் கோரிக்கை வர்த்தமானிக்கு வர 2021 மார்ச் ஆனது. அதையும் எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் ஏறின. 2024இல் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தபோதும் அதே கதை. கடைசியில் செப்டெம்பரில் 1,350 ரூபாவில் நின்றது. தேயிலையில் நட்டம், உல்லாசத்தில் வருமானம் என்றால், இரண்டையும் ஒரே மேசையில் வைத்துத்தான் சம்பளம் பேச வேண்டும். நட்டத்துக்கு மட்டும் நம்மைப் பங்காளியாக்குவது என்ன நியாயம்?

நாம் உல்லாசப் பயணிகளுக்கு எதிரிகள் அல்ல. விடுதிகளில் நமது பிள்ளைகள் சமைக்கிறார்கள், பரிமாறுகிறார்கள், வழிகாட்டுகிறார்கள். அந்த வேலை வேண்டும், இன்னும் நல்ல வேலையாகவும் வேண்டும். பங்களாவை மூடச் சொல்லவில்லை. அதன் உண்மையான செலவை அது தானே கட்ட வேண்டும் என்கிறோம்.

ஆகவே நமது கோரிக்கைகள்:

1. ஊற்றுத் தண்ணீர் முதலில் லயத்துக்கும் குடியிருப்புகளுக்கும், பிள்ளைக் காம்பிராவுக்கும், பாடசாலைக்கும். மிச்சமே தடாகத்துக்கு. வரட்சி மாதங்களில் தடாகம் நிரப்பக் கூடாது.

2. பங்களாக் குழாயில் மீற்றர் பூட்ட வேண்டும். அதன் அளவை மாதந்தோறும் பெரட்டுக்களத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

3. சரிவில் தடாகம் வெட்ட முன் மண்சரிவு அபாய அறிக்கை பெற்று, அதைத் தமிழில் தோட்டக் கமிட்டிக்குத் தர வேண்டும்.

4. கழிவுத் தண்ணீர் ஓடையில் விழக் கூடாது.

5. விடுதியில் வேலை செய்யும் எல்லோருக்கும் நியமனக் கடிதம், ஊழியர் சேமலாப நிதி, சேவைக் கட்டணத்தில் பங்கு வேண்டும்.

பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. தோட்டத்துக்குள் சேவை செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்ற பழைய சாட்டு இனிச் செல்லாது. உங்கள் வாக்கில் சபைக்குப் போன உறுப்பினரிடம் குடிநீர்த் திட்டத்தைக் கேளுங்கள்.

முதல் வேலை நமது கையில் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் ஒரு வாளியும் மணிக்கூடும் எடுத்துக்கொண்டு பீலிக்குப் போங்கள். வாளி நிரம்ப எத்தனை நிமிடம் என்று காலையும் மாலையும் ஒரு மாதம் எழுதுங்கள். அந்தக் கொப்பியோடு பேச்சுவார்த்தைக்குப் போவோம். துரை தன் கணக்கைக் கொண்டு வரட்டும், நாம் நமது கணக்கை விரிப்போம்.